மழலையர் வகுப்புக்கு ஆசிரியரை எப்படித் தயார்செய்வது?

அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றியபோது எதிர்ப்பு எழுந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஐந்தாம் வகுப்புக்கே பாடம் எடுத்தவருக்கு மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில் என்ன சிரமம் என்று பலர் கேட்டார்கள்.

சிரமம் உண்டு. அந்த ஆசிரியர்கள் படித்த தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, உட்கார்ந்து கேட்கும் வயதுப் பிள்ளைகளுக்கானது. பள்ளிக்கு முந்தைய கல்விக்கென்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பைத் தனியாகவே வகுத்திருக்கிறது.

கையெழுத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று வயதில் மணிக்கட்டின் எலும்புகள் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். விரல்களுக்கு வலு வர களிமண் பிசைய வேண்டும், காகிதம் கிழிக்க வேண்டும், மணி கோக்க வேண்டும். எழுத்து அதற்குப் பிறகுதான். ஆனால் “இன்னும் நோட்டில் ஒன்றுமே எழுதலையே, மிஸ்?” என்று பெற்றோர் கேட்கும்போது புதிய ஆசிரியர் தடுமாறி, நான்கு கோடு நோட்டைக் கையில் எடுத்துவிடுகிறார். களிமண் பிசைவதும் எழுத்துக்கான வேலைதான் என்று அந்தப் பெற்றோருக்கு விளங்கும்படி சொல்லவும் பயிற்சியில் பழக வேண்டும்.

நல்ல பயிற்சியின் உயிர், கவனித்து எழுதுவதில் இருக்கிறது. பயிற்சி பெறுபவர் குறுக்கிடாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்து, ஒரே குழந்தையைச் சிறிது நேரம் பார்த்துக் குறிப்பெடுப்பார். ‘பிடிவாதக்காரன்’ என்று எழுதினால் வழிகாட்டி ஆசிரியர் அந்தச் சொல்லை அடித்துவிடுவார். ‘பந்தைக் கேட்டதும் மார்போடு அணைத்துக்கொண்டான், இரண்டு முறை வாசலைப் பார்த்தான்’ என்று எழுதினால், அவன் அம்மாவைத் தேடுகிறான் என்பது பிடிபடும். இந்தக் கண் விரிவுரை கேட்டு வருவதில்லை. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, பல மாதங்கள் வகுப்பறையில் இருந்தால்தான் வரும்.

இந்த முறைக்குச் சென்னையிலேயே பழைய வரலாறு உண்டு. 1939இல் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து நடத்திய முதல் பயிற்சியில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதங்களுக்கென வந்தவர் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் தங்கி, ஆயிரத்துக்கும் அதிகமானோரைப் பயிற்றுவித்தார். குழந்தையைக் கவனிப்பதே அந்தப் பயிற்சியின் அடித்தளம்.

இன்றைய நிலவரத்தை அதன் அருகே வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. நாட்டின் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்களின் பணியாளர்களுக்காக 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய ‘போஷண் பி, பதாய் பி’ திட்டத்தில், நேரடிப் பயிற்சி மூன்று நாள். அதுவும் மேலிருந்து கீழாக, ஒருவர் கற்று மற்றவருக்குச் சொல்லும் முறையில் நடக்கிறது. பிளஸ் டூ முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம் என்று 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்தக் கொள்கையின் பிற அம்சங்கள் பற்றி எத்தனை கருத்து வேறுபாடு இருந்தாலும், இந்தக் கால அளவாவது நியாயமானது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் எடை பார்க்கிறார், சத்துமாவு கொடுக்கிறார், கர்ப்பிணிகளின் விவரத்தைக் கைபேசிச் செயலியில் ஏற்றுகிறார், கணக்கெடுப்புக்கும் போகிறார். கதை சொல்லவும் களிமண் கொடுக்கவும் கற்றுவந்தாலும் அதற்கான காலை நேரம் அவர் கையில் இல்லை. முன்பருவக் கல்விக்கென்று மையத்துக்கு ஒருவரைத் தனியாக, நிலையான ஊதியத்தில் அமர்த்தினால்தான் பயிற்சிக்குச் செலவிடும் பணம் பிள்ளைகளிடம் போய்ச் சேரும்.