காபிக்குப் பின்னால் வரும் கீபி

வீட்டுக்கு வந்தவரிடம் "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்பதும் "காபி கீபி சாப்பிடறீங்களா?" என்று கேட்பதும் ஒன்றல்ல. முதல் கேள்விக்கு வேண்டும், வேண்டாம் என இரண்டே பதில். இரண்டாவதில் டீ கேட்கலாம், மோர் கேட்கலாம், வெறும் தண்ணீர் போதும் என்றும் சொல்லலாம். "புதர்ப் பக்கம் போகாதே, பாம்பு கீம்பு இருக்கும்" என்றால் தேளும் பூரானும் அதில் அடக்கம். "போலீஸ் கீலீஸ்னு அலையாதே" என்னும்போதோ அதே ஒலி அலட்சியத்தைக் கொண்டுவருகிறது. கீபியும் கீம்பும் எந்த அகராதியிலும் இல்லை என்பதால், இந்த எதிரொலிச் சொற்களைப் பேச்சுச் சோம்பல் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. தனியாக எடுத்தால் அர்த்தமில்லைதான். ஆனால் அதை நீக்கினால் வாக்கியத்தின் பொருள் சுருங்கிவிடுகிறதே!

சோம்பலாக இருந்தால் வாய்க்கு வந்தபடி அல்லவா வர வேண்டும்? இங்கே வருவது அச்சுப் பிசகாத கணக்கு. முதல் எழுத்து குறிலானால் கி, நெடிலானால் கீ, மிச்சமெல்லாம் அப்படியே. பணம் கிணம், வண்டி கிண்டி, சோறு கீறு. நேற்று வந்த சொல்லுக்கும் சலுகை கிடையாது: பஸ் கிஸ், லோன் கீன், லேப்டாப் கீப்டாப். பட்டுக்குக் கிட்டுதான், பாட்டுக்குத்தான் கீட்டு. மாற்றிச் சொல்ல யாருக்கும் நாக்கு வராது. இந்தக் கணக்கை எங்கோ படித்த மாதிரி இல்லை? முதல் எழுத்து அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து அதுவாகவே வந்தால் எதுகை என்று யாப்பருங்கலக்காரிகை சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வகுத்த விதியேதான் இது. வெண்பா எழுத அஞ்சுகிறவர்களும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாளெல்லாம் எதுகை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிரொலிச் சொல் தமிழுக்கு மட்டும் உரியதா, இந்திக்காரர்களும் 'சாய் வாய்' என்கிறார்களே, இதில் எதுகையைத் தேடுவது மிகையில்லையா என்று கேட்கலாம். பழக்கம் பொதுதான், நீலகிரித் தோடர் மொழியின் எதிரொலிச் சொற்களைப் பற்றி மொழியியலாளர் எம்.பி. எமனோ 1938-லேயே தனிக் கட்டுரை எழுதினார். ஆனால் செய்முறையைப் பாருங்கள். இந்தியில் மெய் மட்டும் மாறுகிறது, உயிர் தங்கிவிடுகிறது: பானி வானி. தமிழிலோ பாவின் ஆகாரம் ஈகாரமாகிறது. தங்குவது நீளம் மட்டுமே. எதுகையும் முதல் எழுத்தில் கேட்பது அந்த நீளத்தைத்தான். தெலுங்கிலும் கன்னடத்திலும் புலிக்குப் பின்னால் கிலி வருகிறது. அந்த மொழிகளின் செய்யுளிலும் இரண்டாம் எழுத்து ஒன்றுவதுதான் பிராசம். யாப்பைப் பார்த்துப் பேச்சு கற்றதா என்றால், எனக்கு நம்பிக்கையில்லை. காதுக்கு ஏற்கெனவே பிடித்திருந்ததைத்தான் புலவர்கள் விதியாக எழுதி வைத்திருப்பார்கள்.

விளையாட்டு என்றால் ஆட்டம் இழக்கும் இடமும் இருக்கும். ஆடு, மாடு, வீடு மூன்றுக்கும் ஒரே கீடுதான். முன்னே போகும் சொல் இல்லாவிட்டால் கீடு அநாதை. கி, கீயிலேயே தொடங்கும் சொற்களின் பாடு இன்னும் மோசம். கிளிக்குப் பின்னால் மறுபடியும் கிளிதான் வந்து உட்காரும். "கீரை கீரை" என்று சொல்லிப் பாருங்கள், தெருவில் கூடைக்காரம்மா வந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும்.