பன்றிக்குட்டியும் பொந்தியான் அன்னாசியும்

பிள்ளை பெற்ற தாய்க்குப் பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் கொடுப்பது நம் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். தாய்க்குப் பால் சுரக்க வேண்டும்; குழந்தையின் வயிறு கெடக்கூடாது. இதே இரண்டு தேவைகள் பன்றிப் பண்ணைகளிலும் உள்ளன. அங்கும் பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓரிகானோ எண்ணெய் போன்றவை தீவனத்தில் சேர்க்கப்படுகின்றன. ‘பன்றியைப் பற்றி நமக்கென்ன?’ என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இது மனித உயிரோடும் தொடர்புடைய செய்தி.

முதலில் குட்டியின் நிலையை அறிவோம். தாய்ப்பன்றி ஏறத்தாழ 115 நாள் சினையாக இருந்து ஈனுகிறது. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருப்பையிலேயே கிடைத்துவிடும். பன்றியின் நஞ்சுக்கொடியோ அவற்றைக் கடத்துவதில்லை. ஆகவே, பிறந்த 24 மணி நேரத்திற்குள் குட்டி போதுமான சீம்பாலைக் குடித்தாக வேண்டும். அதன்பின் அப்புரதங்களை உறிஞ்சும் ஆற்றலைக் குடல் இழந்துவிடும்.

சீம்பால் போதாத குட்டியையும், தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டியையும் எளிதில் தாக்குவது வயிற்றுப்போக்கு. ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு வகை, தன் உடலிலுள்ள மெல்லிய இழைகளால் சிறுகுடல் சுவரைப் பற்றிக்கொண்டு நச்சைச் சுரக்கும். உடல் நீரை இழந்து குட்டி மடிந்துவிடும்.

இதைத் தடுக்க உலகெங்கும் பல பண்ணைகள் நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீவனத்தில் கலந்து வந்தன. அவற்றுள் ஒன்று கொலிஸ்டின். வேறு எந்த மருந்தும் பலிக்காத நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்தும் அதுவே! அந்தக் கொலிஸ்டினை எதிர்க்கும் ஆற்றலை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் மரபணு, சீனாவில் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் இருப்பது 2015இல் வெளிவந்தது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இலேயே தடை செய்திருந்தது. மலேசியா 2019 முதல் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. இப்படிக் காலியான இடத்திற்குத்தான் தாவரப் பொருள்கள் போட்டியிடுகின்றன.

அவற்றுள் ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில் கரிமண் நிலங்களில் அன்னாசி விளைகிறது. பெக்கான் நானாஸ் என்ற ஊர்ப் பெயரே அதற்குச் சான்று. பழத்தைப் பறித்தபின் கழிவாகும் தண்டில் புரோமிலைன் என்ற நொதி உள்ளது. அது புரதத்தைச் சிதைக்கும். இறைச்சியை மென்மையாக்கவும் பயன்படுகிறது. 1996இல் ‘கட்’ என்ற மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இந்நொதியைப் பன்றிக்குட்டிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தனர். ஈ.கோலை பற்றிக்கொள்ளும் குடற்சுவர் ஏற்பிகளை அது செயலிழக்கச் செய்தது. கதவை உடைக்க வரும் திருடனைக் கொல்லாமல், அவன் பிடிக்கும் கைப்பிடியை மட்டும் கழற்றிவிடுவது போன்றது இது. ஆனால், ஏறத்தாழ 30 மணி நேரத்தில் ஏற்பிகள் மீண்டும் முளைத்துவிட்டன.

அப்படியானால் அன்னாசித் தண்டை அரைத்துத் தொட்டியில் கொட்டினால் போதுமா? போதாது. நொதி வெப்பத்தில் கெடும். தீவனத்தை நீராவியில் சூடாக்கிக் குருணையாக்கும்போது அதன் ஆற்றல் குறையும். தண்டுக்குத் தண்டு அளவும் மாறும். நார்ச்சத்து குட்டிக்குச் செரிக்காது. தாய்ப்பன்றிக்குக் கொடுக்கும் மூலிகைகளின் நிலையும் இதுவே; ஓர் ஆய்வில் பால் கூடுகிறது, இன்னொன்றில் மாற்றமே இல்லை. மேலும், எந்த மூலிகையும் சீம்பாலுக்கு ஈடாகாது; பிறந்த சில நாள்களில் போடப்படும் இரும்புச்சத்து ஊசிக்கும் ஈடாகாது.

‘இயற்கையானது, பக்க விளைவு இல்லாதது’ என்ற விளம்பரங்களை நாம் நாள்தோறும் கேட்கிறோம். மூலிகைக்குப் பெருமை சேர்ப்பது விளம்பரமன்று, அளவு. மாட்டின் மடிநோய்க்குத் தமிழ்நாட்டில் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் மரபு மருந்தைப் பாருங்கள்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். பாட்டியின் கைப்பக்குவம் அங்கே தராசில் ஏறியிருக்கிறது. செர்டாங்கில் கால்நடை மருத்துவம் பயிலும் நம் மாணவர்கள் பொந்தியான் அன்னாசித் தண்டையும் அவ்வாறே நிறுத்துப் பார்க்கலாமே! குட்டிகள் பிழைக்கும், நாளை நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படும் கடைசி மருந்தும் பலன் குன்றாமல் இருக்கும்.