டி.வி ஷோவைத் தோற்கடித்த 17 வருடப் பழைய பாட்டு!

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வந்தால் கேக், பரிசுகளோடு இன்னோர் எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்ளும். அந்த வாரப் பாடல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் யாருக்கு? இதற்காகப் பந்தயம் கட்டுகிறவர்கள்கூட அங்கே உண்டு.

2005 முதல் 2008 வரை நான்கு வருடங்களும் அந்த இடத்தைப் பிடித்தது ஒரே நிகழ்ச்சிதான். 'தி எக்ஸ் ஃபேக்டர்' என்ற பாட்டுப் போட்டி. டிசம்பரில் ஃபைனல் நடக்கும். ஜெயித்தவரின் பாடல் உடனே விற்பனைக்கு வரும். நேராக முதலிடம்! யார் ஜெயித்தாலும் முடிவு இதுதான் என்றான பிறகு பந்தயத்தில் என்ன சுவாரஸ்யம்?

எஸ்ஸெக்ஸைச் சேர்ந்த ஜான் மார்ட்டர், டிரேசி மார்ட்டர் தம்பதிக்கும் இதே சலிப்பு. 2009-ல் அவர்கள் ஃபேஸ்புக்கில் ஓர் அழைப்பு விடுத்தார்கள். 'கிறிஸ்துமஸ் வாரத்தில் எல்லோரும் ஒரே பாட்டை வாங்குவோம்' என்பதுதான் விஷயம்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது, அமெரிக்க ராக் குழுவான 'ரேஜ் அகைன்ஸ்ட் தி மெஷி'னின் 'கில்லிங் இன் தி நேம்'. 1992-ல் வெளியான பாட்டு. லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பினத்தவரான ரோட்னி கிங்கை போலீஸார் அடித்துத் துவைத்த சம்பவமும், அதைத் தொடர்ந்த கலவரமும் நகரத்தை உலுக்கிய காலம் அது. போலீஸின் நிறவெறிக்கு எதிரான கோபம்தான் பாட்டு முழுக்க. கெட்ட வார்த்தைகளுக்கும் குறைவில்லை. முதலில் வெளியானபோது பிரிட்டன் பட்டியலில் 25-வது இடத்தைத் தாண்டவில்லை.

பழைய பாட்டு எப்படித் திரும்ப வர முடியும்? 2007-ல் மாறிய விதிதான் கை கொடுத்தது. கடையில் சி.டி இல்லாவிட்டாலும் டவுன்லோடு விற்பனை கணக்கில் சேரும். எந்த வருடத்துப் பாட்டாக இருந்தாலும் சரி. பட்டியல் பாட்டின் தரத்தை அளப்பதில்லை. அந்த ஏழு நாள்களில் எத்தனை பிரதிகள் விற்றன என்பதை மட்டுமே அப்போது எண்ணியது.

எதிரே நின்றவர் 18 வயது ஜோ மெக்எல்டெர்ரி. மைலி சைரஸ் பாடிய 'தி க்ளைம்' பாடலைத் தன் குரலில் பாடியிருந்தார். அவர் பாட்டுக்கு டவுன்லோடு, சி.டி இரண்டும் இருந்தன. ராக் பாட்டுக்கு டவுன்லோடு மட்டும்தான்.

அந்த வாரமே குழுவினர் பி.பி.சி வானொலி நேரலையில் வாசித்தார்கள். 'கெட்ட வார்த்தை வேண்டாம்' என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடகர் ஸாக் டி லா ரோச்சா அடங்கவில்லை. ஒலிபரப்பைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று!

டிசம்பர் 20-ம் தேதி முடிவு வந்தது. 'கில்லிங் இன் தி நேம்' 5,02,672. 'தி க்ளைம்' 4,50,838. வித்தியாசம் 51,834. டவுன்லோடு விற்பனையை மட்டுமே வைத்து கிறிஸ்துமஸ் முதலிடம் பிடித்த முதல் பாட்டு இதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டு பாடல்களையும் வெளியிட்டது சோனி நிறுவனத்தின் கிளைகளே. யார் ஜெயித்தாலும் கல்லாப்பெட்டி ஒன்றுதான்! 'அப்படியென்றால் இது என்ன புரட்சி?' என்று அப்போதே பலர் கேலி செய்தார்கள்.

கேலியில் நியாயம் இருக்கிறது. ஆனால், கணக்கு அதோடு முடியவில்லை. பாட்டு வாங்கியவர்களிடம் வீடற்றவர்களுக்கு உதவும் 'ஷெல்டர்' அமைப்புக்கும் நன்கொடை கேட்டிருந்தது மார்ட்டர் தம்பதி. 70,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 'ஜெயித்தால் இலவசக் கச்சேரி' என்று சொன்ன குழுவும் வாக்கைக் காப்பாற்றியது. 2010 ஜூன் 6-ம் தேதி லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் ரசிகர்கள் காசு கொடுக்காமல் கேட்டார்கள்.

ஜோவுக்கும் பெரிய நஷ்டமில்லை. அடுத்த வாரமே அவர் பாட்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது. தோற்றது, 'இதுதான் ஜெயிக்கும்' என்று முன்கூட்டியே முடிவுகட்டி வைத்திருந்த அந்த நிச்சயம்தான்!