பழவேற்காட்டில் ஷாப்பிங்: ஒரு கூடை இறாலும் ஒரு இஎம்ஐ பாடமும்



போனஸ் கிரெடிட் ஆன மறுநாள் ஆபீஸ் கேன்டீன்ல என்ன பேச்சு ஓடும்னு உங்களுக்கே தெரியும். "துபாய் போனா தேரா கோல்டு சூக்ல வாங்கணும். சிங்கப்பூர் போனா முஸ்தபா சென்டர்ல வாங்கணும்." இதுல தப்பே இல்லை. சம்பாதிக்கிறோம், ஊர் சுத்துறோம், நாலு பொருள் வாங்குறோம்.

ஆனா ஒரு டூரிஸ்ட் ஊர்ல எதை வாங்கணும், உண்மையான விலையை எப்படிக் கணக்குப் போடணும், யார் காசுல வாங்கணும் என்ற மூணு விஷயத்தைப் பழகிக்க விமான டிக்கெட் தேவையில்லை. சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனா போதும். பொன்னேரி தாலுகாவில் இருக்கிற பழவேற்காடு. இன்னைக்கு நம்ம ஷாப்பிங் அங்கதான்.

இதுவும் ஒரு காலத்துல 'துபாய்' தான்

இன்னைக்கு பழவேற்காடுன்னா நமக்கு ஏரி, பூநாரை, மீன் வறுவல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது.

400 வருஷத்துக்கு முன்னாடி இது உலக வியாபாரிகள் கப்பல் கட்டி வந்து கொள்முதல் பண்ணின ஊர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டுச்சு. சோழமண்டலக் கரையில் அவங்களுக்கு இதுதான் தலைமையிடம். 1690 வாக்கில்தான் அது நாகப்பட்டினத்துக்கு மாறுச்சு. நாணயம் அச்சடிக்கிற சாலையே இங்கே இருந்தது. தொல்லியல் துறை பராமரிக்கிற டச்சுக் கல்லறைகளை இப்பவும் போய்ப் பார்க்கலாம்.

அவங்க இங்கே முக்கியமா வாங்கினது துணி. எதுக்கு? இந்தோனேசியத் தீவுகள்ல கிராம்பு, ஜாதிக்காய் விற்கிறவங்க சோழமண்டலத் துணியைத்தான் விரும்பிக் கேட்டாங்க. இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருள் வாங்கி, ஐரோப்பாவுல வித்தாங்க. கூடவே அடிமை வியாபாரமும் இந்தத் துறைமுகம் வழியா நடந்தது. அந்தப் பக்கத்தையும் மறக்க வேண்டாம்.

ஷாப்பிங்குக்கு நாம எடுத்துக்க வேண்டிய விதி ஒண்ணுதான்: ஒரு ஊர்ல எது விளையுதோ, எதைச் செய்ய அந்த ஊர்க் கைக்குத் தெரியுமோ, அதை அங்கே வாங்குங்க. நம்ம ஊர்லயே அதே விலைக்குக் கிடைக்கிற செருப்பையும் சாக்லெட்டையும் பெட்டியில அடைச்சுட்டு வர்றது ஷாப்பிங் இல்லை, சுமை.

போறது எப்படி?

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். பொன்னேரியில இறங்கி பழவேற்காடு பஸ். ஒரு காபி ஷாப்ல ஒரு கப் காபிக்குக் கொடுக்கிற காசுல போய்ட்டே வந்துடலாம். காலையில சீக்கிரம் கிளம்புங்க, வெயில் ஏற ஏற மீனுக்கும் மதிப்புக் குறையும், உங்களுக்கும் பொறுமை குறையும்.

கார்ல போனா தேசிய நெடுஞ்சாலையில தச்சூர் கூட்டுரோடு, பொன்னேரி வழியா போகலாம். போக வர 120 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டின்னா 8 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு ரவுண்டா வச்சா 800 ரூபாய். டோல் தனி. இந்த 800ஐ ஞாபகத்துல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

என்ன வாங்கலாம்?

*இறால், மீன்:* ஏரியில வெள்ளை இறால், மடவை, கெளுத்தி, கிழங்கான், கொடுவா எல்லாம் பருவத்துக்கு ஏத்தபடி வரும். மீன்னா செவுளைத் தூக்கிப் பாருங்க, சிவப்பா இருக்கணும். கண்ணு தெளிவா இருக்கணும். விரலால அழுத்தினா குழி விழாம மேல எழும்பணும். இறாலுக்குத் தலை கழன்டு தொங்கக் கூடாது.

விலை தினம் ஒரே மாதிரி இருக்காது. இங்கே 'பாடு' முறைன்னு ஒண்ணு இருக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மாதிரி குப்பங்கள்ல, இறால் வலை கட்ட எந்த இடம் எந்த நாள் யாருக்குன்னு முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. முகத்துவாரம் திறந்து கடல்நீர் நல்லா வந்து போற காலத்துல வரத்து கூடும். மண் மூடினா குறையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போ மொத்தச் சந்தையிலும் வரத்து குறையுறதால மீன் விலை ஏறும். அந்த ரெண்டு மாசத்துல விலை குறைவா கிடைக்கும்னு நம்பிக் கிளம்பாதீங்க.

*நண்டு:* ஏரி நண்டுல பெருசா, ரெண்டு கொடுக்கும் முழுசா இருக்கிறதைக் கயித்தால கட்டி உயிரோட சென்னைக்கு அனுப்புவாங்க. அங்கிருந்து சிங்கப்பூர் மாதிரி ஊர்களுக்கு விமானத்துல போகும். நீங்க கடன் வாங்கி சிங்கப்பூர் போய் நண்டு சாப்பிட்டா, அது உங்களுக்கு முன்னாடியே பொன்னேரி ரோட்டுல கிளம்பின நண்டா கூட இருக்கலாம்!

நமக்கான டிப்: ஒரு கொடுக்கு உடைஞ்ச நண்டு ஏற்றுமதிக்குப் போகாது, அதனால விலை கம்மி. குழம்புக்கும் ரசத்துக்கும் கொடுக்கு ஒண்ணு குறைஞ்சா ருசி குறையாது. ஆனா அடிப்பக்க ஓட்டை லேசா அழுத்திப் பாருங்க. அமுங்கினா அது ஓடு மாத்தின 'தண்ணி நண்டு', உள்ள சதை இருக்காது. விலை கம்மியா இருந்தாலும் நஷ்டம்தான்.

*பனை ஓலைப் பொருட்கள்:* நிறைய பேர் மீனோட திரும்பிடுறாங்க, இதைப் பார்க்கிறதே இல்லை. பழவேற்காட்டுப் பெண்கள், முக்கியமா இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள், ஓலையில பெட்டி, கூடை, தட்டுன்னு சாயம் ஏத்திப் பின்னுறாங்க. கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட், ஆபீஸ் தீபாவளி கிஃப்ட் வாங்குற வேலை உங்க தலையில விழுந்திருந்தா, இங்கே நேரா ஆர்டர் கொடுக்கலாம். கூட்டமா வாங்கும்போது நாள் கொடுத்துச் சொல்லுங்க, இது மிஷின் வேலை இல்லை.

இப்போ நிஜக் கணக்கு

உதாரணத்துக்கு, உங்க ஏரியா கடையில இறால் கிலோ 500, பழவேற்காட்டுல 400னு வச்சுக்குவோம். 2 கிலோ வாங்குறீங்க. மிச்சம் 200 ரூபாய். பெட்ரோல் எவ்வளவு? 800. ஆக, '100 ரூபாய் கம்மி' கிடைச்ச உங்களுக்கு 600 ரூபாய் நஷ்டம். லாபம் பார்க்கணும்னா தனி ஆளா 8 கிலோவுக்கு மேல வாங்கணும். வீட்டு ஃப்ரீசர் தாங்குமா?

இன்னொரு பொறி இருக்கு. தலையும் ஓடும் போனா இறாலோட எடை கிட்டத்தட்ட பாதியாயிடும். அப்போ 400 ரூபாய் இறால், சமைக்கிற கணக்குல கிலோ 800. சூப்பர் மார்க்கெட்டுல உரிச்ச இறால் விலையோட ஒப்பிடணும்னா இந்த 800ஐ வச்சுதான் ஒப்பிடணும். ஐஸ், தெர்மாகோல் பெட்டி செலவும் சேரும்.

அதனால போகக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. நாலு நண்பர்கள் ரயில்ல போங்க, ஏரியைப் பாருங்க, சேர்ந்து வாங்கிப் பிரிச்சுக்கோங்க. அந்த ஒரு நாள் சந்தோஷத்துக்கு இவ்வளவு செலவுன்னு நேர்மையா எழுதுங்க. 'சேமிப்பு'ன்னு எழுதாதீங்க. துபாய் தங்கத்துக்கும் இதே ஃபார்முலாதான்: டிக்கெட், ரூம், செய்கூலி, கஸ்டம்ஸ் தீர்வை, கார்டு மார்க்கப் எல்லாத்தையும் கூட்டுங்க. அதுக்கப்புறமும் கம்மியா இருந்தாதான் கம்மி.

பேரம் பேசலாமா?

இந்தப் பதிவுல இதுதான் முக்கியமான பகுதி. கொஞ்சம் நிதானமா படிங்க.

மால்ல விலைச்சீட்டைப் பார்த்துட்டு பேசாம கார்டை நீட்டுற நாம, ரோட்டோரம் மீன் கூடையோட உட்கார்ந்திருக்கிற அக்காகிட்ட 20 ரூபாய்க்கு பத்து நிமிஷம் மல்லுக்கட்டுவோம். நாம ஜெயிக்கவும் செய்வோம். அது நம்ம திறமை இல்லை. மீன் மத்தியானத்துக்கு மேல தாங்காது. "வேணாம்"னு நீங்க எழுந்து போகலாம், அவங்களால முடியாது. எழுந்து போக முடிஞ்சவங்க கையிலதான் விலை இருக்கு.

இதுக்குப் பின்னாடி இன்னொரு கணக்கும் இருக்கு. நம்ம கடற்கரை ஊர்கள்ல வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரி முன்பணம் கொடுக்கிறது பழைய வழக்கம். வட்டின்னு தனியா கிடையாது. பிடிக்கிற மீனை அவர்கிட்டதான் போடணும், அவர் சொல்ற விலைக்கு. டச்சுக்காரங்க காலத்துலயும் துணி வியாபாரம் இப்படி முன்பணத்துலதான் நடந்தது. வியாபாரிகள் வழியா நெசவாளிக்குப் பணம் முன்னாடியே போகும், துணி பின்னாடி வரும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். முன்பணம் 50,000 ரூபாய். சந்தை விலையை விட கிலோவுக்கு 20 ரூபாய் கம்மியா கொடுக்கணும். தினம் 10 கிலோ, வருஷத்துக்கு 200 நாள். 20 × 10 × 200 = 40,000 ரூபாய். 'வட்டியில்லாத' 50,000க்கு ஒரு வருஷத்துல 40,000 போயாச்சு. அதாவது 80 சதவீதம். அசல் 50,000 அப்படியே நிக்குது!

"ஐயோ பாவம்"னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிடாதீங்க. உங்க போனை எடுத்து 'நோ காஸ்ட் இஎம்ஐ' எத்தனை ஓடுதுன்னு பாருங்க. அதுலயும் வட்டி இருக்கு. கடைக்காரர் கொடுக்க வேண்டிய தள்ளுபடி வட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க ஸ்டேட்மென்ட்ல வரும், பிராசஸிங் கட்டணமும் வரலாம். 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பின சுற்றறிக்கையில, பூஜ்ய சதவீத வட்டிங்கிற கருத்தே கிடையாதுன்னு சொல்லிடுச்சு. கிரெடிட் கார்டு பாக்கியை அடுத்த மாசத்துக்குத் தள்ளினா, மாசம் 3.5 சதவீதம்னா கூட வருஷத்துக்கு 42 சதவீதம்.

பணத்தை விடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. முன்பணம் வாங்கினவர் நல்ல விலை சொல்ற இன்னொரு வியாபாரிகிட்டப் போக முடியாது. சம்பளத்துல பாதி இஎம்ஐக்குப் போறவரால, பிடிக்காத வேலையை விட்டு எழுந்து போக முடியாது. மேனேஜர் ஹைக் இல்லைன்னு சொன்னாலும் தலையாட்டிட்டு உட்காரணும். ரெண்டு பேரும் அடுத்த மாச உழைப்பை முன்னாடியே வித்துட்டவங்க.

அதனால பேரத்துக்கு என் விதி இது. ரெண்டு மூணு இடத்துல விலை விசாரிங்க, தரம் பாருங்க, எடை சரி பாருங்க. அதெல்லாம் உங்க உரிமை. கடைசி 20 ரூபாய்க்காக அழுத்தாதீங்க. ஓலைப் பெட்டி வாங்கும்போது "இதைப் பின்ன எவ்வளவு நேரமாச்சுக்கா?"ன்னு கேளுங்க. விலையை அந்த மணி நேரத்தால வகுத்துப் பாருங்க. மாசம் 40,000 சம்பளம், 25 நாள், தினம் 8 மணி நேரம்னா உங்க ஒரு மணி நேரம் 200 ரூபாய். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, பேரம் பேச வாய் வராது.

எதுக்கு செலவு பண்ணக் கூடாது?

படகு சவாரி. "அண்ணே, ஒரு ரவுண்டு போலாமா"ன்னு யாராவது கூப்பிட்டாலும் வேண்டாம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னைக்கு இங்கே சுற்றுலா வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் சவாரிக்குத் தடை வந்தது. கரையில நின்னு பூநாரை பாருங்க, அதுக்குக் காசு இல்லை.

வெளிநாடு போறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

1. இது அந்த ஊரோட பொருளா, இல்ல எங்கேயும் கிடைக்கிறதா?
2. வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது மொத்த விலை என்ன? வெளிநாட்டுக் கடையில கார்டு மெஷின் "ரூபாயா, உள்ளூர் கரன்சியா"ன்னு கேட்டா, உள்ளூர் கரன்சியையே அமுக்குங்க. ரூபாய்ன்னு அமுக்கினா மாற்று விலையை அந்த மெஷின்காரர் வைப்பார்.
3. இந்தக் காசு ஏற்கெனவே சம்பாதிச்சதா, இனிமே சம்பாதிக்கப் போறதா?

மூணாவது கேள்விக்கு "இனிமே"ன்னு பதில் வந்தா, டிரிப்பை ஆறு மாசம் தள்ளி வைங்க. போக ஆகும் தொகையை ஆறால வகுத்து, சம்பளம் வர்ற அன்னைக்கே ஒரு ஆர்டிக்குப் போற மாதிரி செட் பண்ணிடுங்க. சிங்கப்பூர் எங்கேயும் ஓடிப் போகாது.

அதுவரைக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை பொன்னேரி ரயில் ஏறுங்க. ஐஸ் பெட்டி மறக்காதீங்க, சில்லறையும் எடுத்துக்கோங்க. வீட்டுக்கு வந்ததும் நிஜக் கணக்கை எழுதிப் பாருங்க. அடுத்த வீடியோவுல நோ காஸ்ட் இஎம்ஐ ஸ்டேட்மென்ட்டை வரிக்கு வரி எப்படிப் படிக்கிறதுன்னு பார்க்கலாம்.