மருந்தால் இழந்த மகுடம்

2000-ஆம் ஆண்டு சிட்னி நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவிலே, செப்டெம்பர் 21-ஆந் திகதி, மகளிர் தேகாப்பியாசத் தனிநபர் போட்டியின் முதல் மூன்று இடங்களையும் ருமேனிய நாட்டுப் பெண்களே கைப்பற்றினர். முதலிடம் பெற்றவள் பேர்லாட் நகரிற் பிறந்த அந்திரேயா ரடுக்கான். வயது பதினாறு, நிறை 37 கிலோ அளவே. 1976-இல் மொன்றியலில் நாதியா கொமனேச்சி சூடிய மகுடம் ருமேனியாவுக்கு மீண்டுங் கிட்டியது அன்றுதான்.

ஐந்து நாட்களிற் பதக்கம் பறிக்கப்பட்டது. தடிமனால் வருந்திய சிறுமிக்குக் குழுவின் வைத்தியர் கொடுத்த சாதாரணக் குளிகையிலே, அந்நாளில் தடைசெய்யப்பட்டிருந்த சூடோஎபெட்ரின் கலந்திருந்தது. அதனால் அவள் யாதொரு நன்மையும் அடையவில்லை என்பதை அதிகாரிகளே ஒப்புக்கொண்டனர். ஆயினும், உடலிற் காணப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது விதி. விளையாட்டு நடுவர் மன்றம் அவளது மேன்முறையீட்டை 28-ஆந் திகதி தள்ளிற்று. வைத்தியரும் தடைக்குள்ளானார். தங்கம் தோழி சிமோனா அமனாரைச் சேர்ந்தது.

விதி வேண்டியதே. ஆனால் பெரியவர் கையால் மருந்து வாங்கி விழுங்கும் பிள்ளை, அதன் கூட்டுப்பொருளை ஆராய்வதெங்ஙனம்? இதனினும் விந்தை, 2004-இல் அப்பொருள் தடைப்பட்டியலினின்று நீக்கப்பட்டமை! 2010-இல் அளவெல்லையுடன் மீண்டும் சேர்த்தனர்.

அவள் சோர்ந்து அமர்ந்தாளில்லை. 2001-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நிகழ்ந்த உலகப் போட்டியிலே குழுநிலை, சமநிலைச் சட்டம், தரைப்பயிற்சி ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றாள். 2017-இல் ருமேனியத் தேகாப்பியாசச் சம்மேளனத்தின் தலைமைப் பதவி அவரை வந்தடைந்தது.