அந்த ஒரு மணி நேரம் யாருடையது?

குஜராத்தின் வடோதரா நகரில் நூறு மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு, பள்ளிக்கு நான்கு என்று மாநில அரசு கணினிகளை வழங்கியிருந்தது. 2002 ஜூனில் ‘பிரதம்’ தொண்டு நிறுவனத்தினர் விசாரித்தபோது, அவற்றை வைத்துப் பாடம் நடத்தும் பள்ளிகளைக் காண்பதே அரிதாக இருந்தது. வடோதராவில் மட்டும் நடந்த கதை இல்லை இது. பூட்டிய அறைக்குள் உறை போட்டு மூடிய கணினி நம் ஊர்களிலும் பலருக்குப் பழகிய காட்சிதான். வடோதராவில் அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் நமக்குப் பாடம்.

பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ஷான் கோல், லீ லிண்டன் ஆகிய நால்வரும் பிரதமோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். எந்தப் பள்ளிக்குத் திட்டம், எந்தப் பள்ளிக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துக்கொண்டார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இரண்டு பேர், கணக்கு விளையாட்டுகள். அதில் ஒரு மணி நேரம் வகுப்பு வேளையில், இன்னொன்று பள்ளி தொடங்கும் முன்போ முடிந்த பின்போ. உடன் இருந்து கவனித்துக்கொள்ள அந்தந்த வட்டாரத்து இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து அமர்த்தினார்கள். அவர்கள் பாடம் நடத்தவில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்த விளையாட்டு சற்றுக் கடினமாகவும் எட்டிப் பிடிக்கக் கூடியதாகவும் இருக்கும் என்று பார்த்து நகர்த்தினார்கள்.

இரண்டாம் ஆண்டின் முடிவில், கணக்கில் கிடைத்த முன்னேற்றம் 0.47 திட்ட விலக்கம். இந்த எண்ணைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நூறு பிள்ளைகளை மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தி, கீழிருந்து எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். ஐம்பதாவதாக நின்ற பிள்ளை 68-ஆவது இடத்துக்கு ஏறிவிட்டது. வாரத்துக்கு இரண்டே மணி நேரத்தில், அதுவும் ஒரு திரையை இருவர் பகிர்ந்துகொண்டு கிடைத்த பலன் இது. கல்வி ஆய்வுகளில் இவ்வளவு பெரிய எண் எளிதில் வராது. திட்டம் நின்று ஓராண்டு கழித்துச் சோதித்தபோது அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி கரைந்து, சுமார் 0.1 மட்டுமே மிஞ்சியிருந்தது. இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அந்த நால்வரில் ஒருவரான லிண்டன், இதே குஜராத்தில் ‘ஞான் ஷாலா’ என்ற அமைப்போடு சேர்ந்து இன்னொரு சோதனை செய்தார். ஏழைக் குடியிருப்புகளில் சிறு பள்ளிகள் நடத்தி, திட்டமிட்ட முறையில் நன்றாகக் கற்பிக்கும் அமைப்பு அது. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குக்கான மென்பொருள் கொடுக்கப்பட்டது. ஒரு முறை, ஆசிரியரின் வகுப்பிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தார்கள். மற்றொரு முறை, வகுப்பைத் தொடாமல், பள்ளி நேரத்துக்கு வெளியே கணினியில் உட்கார வைத்தார்கள்.

வெளியே வைத்தபோது பிள்ளைகள் 0.28 திட்ட விலக்கம் முன்னேறினார்கள். பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல். வகுப்பு நேரத்தில் வைத்தபோதோ 0.57 அளவுக்குப் பின்னால் போனார்கள். நமது வரிசைக் கணக்கில், ஐம்பதாவதாக நிற்க வேண்டிய பிள்ளை 28-ஆவது இடத்துக்கு இறங்கிவிட்டது. அமைப்பு ஒன்றுதான், பாடம் ஒன்றுதான். கணினி யாருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது என்பதுதான் வேறு.

தொடக்கப் பள்ளியில் தொழில்நுட்பம் பற்றி நான் படித்தவற்றில் இதைவிடத் தெளிவான முடிவு வேறில்லை. கணினி நல்லதா கெட்டதா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. கணினி வராமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கும் என்பதற்கு விடை உண்டு. நல்ல ஆசிரியரின் கணக்குப் பாடத்தை எடுத்துவிட்டுத் திரையை வைத்தால் நட்டம். யாரும் கவனிக்காத வெற்று நேரத்தில் திரையை வைத்தால் லாபம்.

நேரத்தைப் பற்றி யோசிக்காமல் கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. எம்.ஐ.டி.யின் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே முன்வைத்த ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் பெரு அரசு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. சுமார் 320 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 15 மாதங்களுக்குப் பிறகு பார்த்தது: கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. ஒவ்வொரு கருவியிலும் 200 மின்நூல்கள் ஏற்றித்தான் கொடுத்திருந்தார்கள். வாசிக்கும் பழக்கம்கூட மாறவில்லை.

அப்படியானால் வடோதராவில் எது வேலை செய்தது? இதற்கு 1953-க்குப் போக வேண்டும். உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் தன் மகளின் நான்காம் வகுப்புக்குப் பெற்றோராகப் பார்வையிடப் போயிருந்தார். கணக்கு வகுப்பு. பலகையில் கணக்குகள் இருந்தன, பிள்ளைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் முடித்தவர்கள் சும்மா இருந்தார்கள், புரியாதவர்கள் விழித்துக்கொண்டிருந்தார்கள். போட்டது சரியா தவறா என்பது அந்த நேரத்தில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. கற்றலைப் பற்றி ஆய்வகத்தில் தான் கண்ட இரண்டு அடிப்படைகளுமே அங்கே மீறப்படுவதாக அவருக்குத் தோன்றியது. விடை சரியா என்பது உடனே தெரிய வேண்டும். ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில் போக வேண்டும். ஆசிரியர் மீது குறை இல்லை. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளுக்கு ஒருவரே இதைச் செய்ய முடியாது. விரைவிலேயே அவர் ‘கற்பிக்கும் எந்திரம்’ ஒன்றைச் செய்து, 1954-இல் அதைப் பொதுவில் காட்டினார். அந்த மரப்பெட்டி எந்திரத்தின் காலம் போய்விட்டது. ஆனால் நல்ல கல்வி மென்பொருளின் உயிர் இன்றும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இது ஏன் இவ்வளவு அவசியம் என்பதை டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் செய்த ஆய்வு காட்டியது. ஆறாம் வகுப்பில் இருக்கும் சராசரி மாணவர் கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஒரே வகுப்பறைக்குள் ஐந்தாறு வகுப்புகளின் தரம் கலந்து உட்கார்ந்திருந்தது. பாடப்புத்தகமோ ஒரே ஒரு வகுப்புக்கானது. ஒவ்வொரு மாணவரின் தரத்தையும் கண்டறிந்து அங்கிருந்து தொடங்கும் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளை, பள்ளி முடிந்த பிறகு நடந்த மையங்களில் பயன்படுத்தினார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேற்றம். அங்கே படித்தவர்கள் நடுநிலை வகுப்பு மாணவர்கள். ஆனால் அந்த இரண்டரை வகுப்பு இடைவெளி தொடக்கப் பள்ளியில்தானே விழுந்தது!

அனைத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே காணொலியை ஓட்டும் திரைக்கு இந்தக் குணம் கிடையாது. பாடப்புத்தகத்தின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரும் படமும், சுவரில் ஒளிரும் ஸ்மார்ட் பலகையும் அழகானவை. எரிமலையையும் முட்டைக்குள் குஞ்சு வளர்வதையும் அவை காட்டும்போது பிள்ளைகளின் கண்கள் விரிவது உண்மை. ஆனால், கடன் வாங்கிக் கழித்தலில் தடுமாறும் பிள்ளையின் தவறு எங்கே என்று அவை கேட்பதில்லை. தமிழ்நாட்டு அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் பணி நடந்திருக்கிறது. இந்தச் செலவை நான் வரவேற்கிறேன். அதே அளவு அக்கறை, பதில் கேட்டுப் பதில் சொல்லும் மென்பொருளுக்கும் வேண்டும் என்பதே என் வாதம்.

இன்னொன்றும் வேண்டும்: பக்கத்தில் ஓர் ஆள். பின்லாந்தின் யுவாஸ்கலா பல்கலைக்கழகத்தில் உருவான ‘கிராஃபோகேம்’, எழுத்தையும் ஒலியையும் இணைக்கக் கற்றுத்தரும் விளையாட்டு. பல நாடுகளில், பல மொழிகளில் சோதிக்கப்பட்டது. அந்தச் சோதனைகளை எல்லாம் நார்வே ஆய்வாளர்கள் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, சொல் வாசிப்பில் சராசரிப் பலன் ஏறத்தாழ பூஜ்யம். ஆனால் பெரியவர் ஒருவர் உடன் இருந்து பேசி, ஊக்கி, கவனித்த இடங்களில் மட்டும் 0.48. அந்தப் பெரியவர் வடோதராவின் இளைஞரைப் போல ஒருவராக இருந்தாலே போதும் போலிருக்கிறது.

போட்ஸ்வானாவில் அந்த ஆள் பக்கத்தில்கூட இல்லை, தொலைபேசியில் இருந்தார். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள சுமார் 4,500 வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு வாரம் ஒரு கணக்கு குறுஞ்செய்தியில் போனது. சிலருக்குக் குறுஞ்செய்தியோடு, ஆசிரியர் ஒருவர் வாரம் இருபது நிமிடம்போல அழைத்து, பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்துக் கணக்கைப் பேசினார். வெறும் குறுஞ்செய்தி பெரிதாக எதையும் மாற்றவில்லை. அழைப்பும் சேர்ந்தபோது 0.12 திட்ட விலக்கம் முன்னேற்றம் வந்தது. பொத்தான் கைபேசியே போதுமாக இருந்தது, இணையம்கூடத் தேவைப்படவில்லை. பிறகு இந்தியா, நேபாளம், கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ் நாடுகளில் செய்து பார்த்தபோதும் அழைப்பு பலன் தந்தது.

நம்மிடம் இதற்கான அடித்தளம் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைப்படி பிரிக்கிறது. எந்தப் பிள்ளை எந்த நிலை என்பதை ஆசிரியர் செயலியில் பதிகிறார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80 ஆயிரம் பேருக்குக் கைக்கணினி தரும் திட்டமும் வந்தது. நிலையறிந்து கற்பிப்பது என்ற கோட்பாட்டை ஒரு மாநிலமே ஏற்றிருப்பது சிறிய விஷயம் இல்லை. ஆனால் பதிவேற்றும் வேலையே கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. அதைச் சலிப்புக் குரலாகத் தள்ளிவிடக் கூடாது. ஞான் ஷாலாவில் கணினி எடுத்துக்கொண்டது போலவே, செயலியும் ஆசிரியரின் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. பதிவு செய்தது திரும்பி வந்து, ‘இந்த ஐந்து பேருக்கு நாளைக்கு இதைக் கொடுங்கள்’ என்று சொன்னால்தான் அந்த நேரத்துக்கு நியாயம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சில எழுத்துகளைக் கையால் எழுதவும், சிலவற்றைப் புள்ளி மேல் ஓட்டவும், சிலவற்றைத் தட்டச்சு செய்யவும் கொடுத்து, பிறகு மூளையைப் படம் எடுத்தார். தானாகக் கையால் எழுதிய எழுத்தைப் பார்த்தபோதுதான் வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. முதல் இரண்டு வகுப்புகளில் எழுத்து பழகும் நேரத்தைத் தொடுதிரைக்கு விட்டுக்கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ணகரமும் னகரமும், லகரமும் ளகரமும் ழகரமும் ஒலிப்பில் எப்படி வேறுபடுகின்றன என்று தெளிவான குரலில் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கும் வேலையைக் கருவி செய்யட்டும். எழுதுவது சிலேட்டில் இருக்கட்டும்.

சரி, நம் பள்ளியில் அந்த வெற்று நேரம் எங்கே இருக்கிறது? மாலையில் என்று சட்டெனச் சொல்லிவிடலாம். ஆனால் அதைவிடப் பெரியது பள்ளி நேரத்துக்குள்ளேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் ஒன்று முதல் மூன்று வகுப்புகளையும், மற்றவர் நான்கையும் ஐந்தையும் பார்ப்பது வழக்கம். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடக்கும்போது நான்காம் வகுப்பு என்ன செய்கிறது? பார்த்து எழுதுகிறது, வாய்ப்பாடு ஒப்பிக்கிறது, அல்லது காத்திருக்கிறது. ஒருவர் விடுப்பு எடுத்தாலோ பயிற்சிக்குப் போனாலோ ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். அந்தக் காத்திருப்பில் ஒரு பிள்ளையின் கையில் தன் நிலைக்கேற்ற கணக்கு இருந்தால், அது எந்த ஆசிரியரின் நேரத்தையும் பறிப்பதில்லை. வடோதராவைப் போல இருவருக்கு ஒரு திரை என்றால் செலவும் பாதி. ஈராசிரியர் பள்ளிகள்தான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு முதல் உரிமைக்காரர்கள். ஆனால் கருவிகள் வழக்கமாகப் பெரிய பள்ளிகளிலிருந்துதான் இறங்கி வருகின்றன.

இதற்குச் சில்லறையாகத் தோன்றும் பொருள்களும் தேவை. ஒரே அறையில் இரண்டு வகுப்பு நடக்கும்போது ஹெட்போன் இல்லாத கைக்கணினி பாடத்தைக் கெடுக்கும். மின்சாரம் போகும் ஊரில் மின்னேற்றி வைக்க வழி வேண்டும். மென்பொருள் இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். பழுதுபார்ப்பும் மாற்றுக் கருவியும் வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வாரம் ஒருமுறை பிள்ளைகளோடு உட்கார உள்ளூர்த் தன்னார்வலர் வேண்டும். ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர் முன்வந்து மாலை வகுப்பு எடுத்த மாநிலம் இது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர், எத்தனை கருவி வந்தது என்பதோடு நிற்காமல், கால அட்டவணையை எடுத்து வரச் சொல்லி, அந்தக் கருவி எந்தப் பாடவேளையில் எந்த வகுப்பிடம் இருக்கிறது, அதற்கு முன் அந்த வேளையில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம்.