தொகுப்பி மாற்றமும் நிரலகப் பிழைகளும்

நிரலைக் கணிப்பொறி மொழிக்குப் பெயர்ப்பது தொகுப்பி. பிற நிரல்கள் எடுத்தாளும் செயற்கூறுகளின் தொகுதி நிரலகம். சி மொழியில் எழுதப்பெற்ற பழைய நிரலகங்கள் பல, 2024 மே மாதம் வெளிவந்த ஜிசிசி 14 என்னும் தொகுப்பியில் தொகுக்கப்படாது நின்றன. அவை புதிதாய்க் கெட்டனவோ எனின், இல்லை. தொகுப்பியின் விதியே இறுகியது. செயற்கூற்றை முன்னர் அறிவியாது ஆளுதலை 1999ஆம் ஆண்டின் சி மொழித் தரம் விலக்கியது. ஜிசிசியோ அதனை நெடுங்காலம் எச்சரிக்கையளவில் பொறுத்துவந்து, 14ஆம் பதிப்பிற் பிழையெனக் கொண்டது.

இறுக்கியதன் காரணம் யாது? அறிவிப்பில்லாச் செயற்கூறு முழு எண்ணையே தருமெனத் தொகுப்பி கருதிக்கொள்ளும். இன்றைய 64 பிட் கணிப்பொறிகளில் அம்முழு எண் பெரும்பாலும் 32 பிட் அளவினது. நினைவக முகவரியோ 64 பிட். ஆதலின் முகவரியின் மேற்பாதி இழக்கப்பட்டு, நிரல் ஓடுங்கால் முறிதல் கூடும்.

பிழைச்செய்தி சுட்டும் செயற்கூறு எத்தலைப்புக் கோப்பில் அறிவிக்கப்பட்டுள்ளதெனக் கண்டு, அக்கோப்பை நிரலின் முகப்பிற் சேர்த்தலே திருத்தும் நெறி. பிழையை மீண்டும் எச்சரிக்கையாக்கும் விருப்பத்தேர்வும் உண்டு. அது தணிப்பதன்றித் தீர்ப்பதன்று.

தொகுத்தற்கு முன் ஓடும் சோதனை நிரல்களிலும் இக்குறை இருக்கலாம். அவை தோற்பின், உள்ள வசதியையே இல்லையெனக் கொண்டு நிரலகம் குறையுடன் உருவாகும், பிழைச்செய்தியும் தோன்றாது. எனவே, சுவடிகளைப் பாடம் ஒப்பிடுதல் போலப் பழைய, புதிய சோதனைப் பதிவுகளை ஒப்புநோக்குதல் இன்றியமையாதது என்பது நம் துணிபு.